தூக்கமா, பசியா? யூஎஸ்பி பாதியில் அறுந்தால்

கேள்வி: அண்ணா, கல்யாண வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றும்போது பாதியில் டிஸ்க் காணாமல் போய்த் திரும்ப வருகிறது. விண்டோஸ் 10. செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்தும் அதே கதைதான்.

பதில்: சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்க வைப்பதுதான் செலக்டிவ் சஸ்பெண்ட். காப்பி ஓடும்போது அது குறுக்கே வராது. ஆகவே உங்கள் டிஸ்குக்கு வந்திருப்பது தூக்கம் இல்லை, பசி. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் இதற்கு மேலும் கேட்கலாம். டிஸ்கைக் கையில் தூக்காமல் காதை மட்டும் கிட்டே கொண்டுபோங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு முதலிலிருந்து சுழலும் இரைச்சல் கேட்டால் மின்சாரம் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

முதலில் கேபிளை மாற்றுங்கள், குட்டையாக, தடிமனாக. நானே ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு நாள் டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் மெல்லிய கேபிள்தான் திருடன் என்று கண்டுபிடித்தேன்! அப்புறம், கேபினெட்டின் முன்பக்க போர்ட் வேண்டாம், பின்பக்கம் மதர்போர்டிலேயே செருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தனி அடாப்டர் உள்ள ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வாங்குங்கள். அதிலும் 'டிக்' கேட்டால் டிஸ்கே போகிறது. மற்றதெல்லாம் பிறகு, முதலில் பேக்கப்.

கேள்வி: எனக்கு நேர் எதிர், சார். காப்பி ஒழுங்காக முடிகிறது. டீ குடித்துவிட்டு வந்து தொட்டால் டிரைவ் அசைவதில்லை.

பதில்: இதுதான் தூக்கம். பவர் ஆப்ஷன்ஸில் செலக்டிவ் சஸ்பெண்டை பேட்டரி, சார்ஜர் இரண்டு நிலைக்கும் அணையுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு 'யூஎஸ்பி ரூட் ஹப்'பையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்று இருக்கும் டிக் குறியை எடுத்துவிடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் டிரைவ் அதில்தான் மாட்டியிருக்கும்! சில டிரைவ்களின் பெட்டிக்குள் இருக்கும் சிப்பே தானாகத் தூங்கும். அதை விண்டோஸ் பக்கமிருந்து தடுப்பது கஷ்டம்.

கேள்வி: என் லேப்டாப்பில் அந்தப் பவர் மேனேஜ்மென்ட் பக்கமே இல்லையே?

பதில்: மாடர்ன் ஸ்டாண்ட்பை, அதாவது ஃபோன் மாதிரி அரைத்தூக்கம் போடும் வசதி, உள்ள லேப்டாப்பாக இருக்கும். அவற்றில் அது பெரும்பாலும் தெரியாது.

கேள்வி: உபுண்டு லினக்ஸில், பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி மென்பொருளைப் போட்ட நாளிலிருந்து யூஎஸ்பி சீரியல் கேபிள் அடிக்கடி துண்டிக்கிறது.

பதில்: லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தானாகத் தூங்க வைப்பது பெரும்பாலும் ஹப்களை மட்டுமே. டிஎல்பி மற்ற சாதனங்களையும் சேர்த்துத் தூங்க வைக்கும். கேபிளின் அடையாள எண்ணை (ஐடி) டிஎல்பியின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். டிஎல்பியையே தூக்கி எறிய வேண்டாம், பேட்டரி பாவம்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டினால் ஒன்று விழுந்துவிடுகிறது.

பதில்: அதன் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், தம்பி. இரண்டில் ஒன்றைத் தனி அடாப்டர் உள்ள ஹப்பில் மாட்டுங்கள். திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் ராஸ்பெர்ரி பைக்கே மின்சாரம் போதவில்லை, அதன் அடாப்டரையும் மாற்றுங்கள்.