பாஸ்தா மெஷினோடு வந்த பிளாஸ்டிக் வில்லையை லேத் பட்டறையில் பித்தளையில் செய்து வாங்கலாமா?

செய்து வாங்கலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் பித்தளையில் வேண்டாம்.

கேட்டவரிடம் இருப்பது, மாவையும் தண்ணீரையும் போட்டால் தானே பிசைந்து, திருகுத் தண்டால் தள்ளி, வில்லை என்கிற ஓட்டைத் தட்டு வழியே பிழிந்து தரும் மின்சார மெஷின். அதன் ஸ்பகெட்டி வில்லையில் விரிசல் விழுந்துவிட்டது. உலோகத்தில் மாற்றினால் இத்தாலியப் பாஸ்தாவின் சொரசொரப்பும் வருமா என்றும் கேட்டிருக்கிறார். நான் கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் புஷ்ஷும் வால்வு உதிரியும்தான் சோறு போடுகிற வேலை. முறுக்கு வில்லை, பாஸ்தா வில்லை எல்லாம் நடுநடுவே வரும்.

முதலில் உலோகம். பட்டறையில் பித்தளை ராடு என்று கேட்டால் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஃப்ரீ கட்டிங் பித்தளை. சீவல் சுருளாமல் பொடிப்பொடியாக உதிரட்டும் என்பதற்காகவே அதில் 2 முதல் 3.5 சதவீதம் வரை காரீயம் சேர்த்திருப்பார்கள். நட்டுக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் அருமையான சரக்கு. ஆனால் காரீயம் உடம்புக்கு ஆகாது; ஈர மாவு அழுத்தத்தோடு உரசிக்கொண்டு போகிற இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது. கன்மெட்டல் என்கிற வெண்கல வகையும் இதே கதைதான்: பம்ப் வேலையில் புழங்கும் எல்ஜி2 ரகத்தில் தாமிரம் 85 சதவீதம், வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் மூன்றும் தலா 5.

நீங்கள் கேட்க வேண்டியது பாஸ்பர் பிரான்ஸ், அதாவது பாஸ்பரஸ் கலந்த வெண்கலம்; பிபி1 அல்லது பிபி2 ரகம். அதில் 10 முதல் 12 சதவீதம் வெள்ளீயம், துளி பாஸ்பரஸ், மீதி தாமிரம். இங்கேயும் கவனம் தேவை. புஷ் விற்கிற கடைகளில் பிரான்ஸ் என்று சொல்லித் தருகிற எஸ்ஏஇ 660 ரகத்தில் காரீயம் மட்டும் 7 சதவீதம். கடைந்து வைத்தால் வெறும் கண்ணுக்கு எது எது என்று தெரியாது. ராடுக்கு டெஸ்ட் சர்ட்டிபிகேட் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு துண்டை உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால், எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வெட்டாமல் கொள்ளாமல் சில நிமிடத்தில் கலவையைச் சொல்லிவிடுவார்கள். 55 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை என்றால் எடை 210 கிராம்தான் வரும். அதில் போய் விலை பார்க்காதீர்கள்; கூலிதான் அதிகம்.

எஸ்எஸ் 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமே என்பார்கள். சாப்பாட்டுக்கு நல்ல உலோகம்தான். ஆனால் 2 மில்லி ஓட்டை போடும்போது டிரில் வெட்டாமல் ஒரு கணம் வெறுமனே உரசினாலும் அந்த இடம் இறுகிக்கொள்ளும், அப்புறம் டிரில் ஒடியும். சொரசொரப்பும் பிரான்ஸ் அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

அந்தச் சொரசொரப்பைப் பற்றி: நேப்பிள்ஸ் பக்கத்து கிராஞ்ஞானோ ஊர்ப் பாஸ்தாக்காரர்கள் வெண்கல அச்சில் பிழிந்தது என்று பாக்கெட்டிலேயே போட்டுப் பெருமை பேசுவது இதைத்தான். வெண்கலத்தில் மாவு ஒட்டி இழுபட்டு வருவதால் மேல்தோல் வெளிறி, மாவு பூத்த மாதிரி இருக்கும், சாஸ் பிடித்துக்கொள்ளும். டெஃப்லான் வைத்த அச்சில் வந்தது மஞ்சளாகப் பளபளக்கும். உங்கள் பிளாஸ்டிக் வில்லையில் வருவதும் வழவழப்பு ரகம்தான். ஆகவே பிரான்ஸில் செய்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரு நிபந்தனை: லேத்காரர் நல்ல மனதோடு ஓட்டைகளுக்குள் பாலிஷ் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரில் விட்டுப்போன பிசிறை (பர்) மட்டும் எடுத்தால் போதும், வெளிவாய் விளிம்பு கூர்மையாகவே இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். உலோக வில்லை உடையாது. உடைந்தால் மெஷினின் முன்மூடியோ உள்ளே இருக்கும் கியரோதான் உடையும். வீட்டு மெஷின் பெரும்பாலும் பிளாஸ்டிக். எனவே பழைய வில்லையில் எத்தனை ஓட்டை, என்ன விட்டம் என்று அளந்து, மொத்தத் திறப்பைக் கணக்குப் போடுங்கள். 2 மில்லியில் 24 ஓட்டை என்றால் 75 சதுர மில்லி சொச்சம். மெல்லிசாக 1.2 மில்லியில் வேண்டும் என்று அதே 24 ஓட்டை போட்டால் திறப்பு 27 ஆகச் சுருங்கிவிடும், மோட்டார் முக்கும். அதே பரப்பு வேண்டுமானால் 67 ஓட்டை போட வேண்டும். பரப்பு சமமானாலும் சின்ன ஓட்டையில் உரசல் கூடுதல் என்பதால், ஓட்டையின் நீளத்தையும் குறைக்க வேண்டும்.

நீளம் என்று சொன்னேனே, படம் வரைகிற பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 10 மில்லி கனத்துக்கும் நேராக 2 மில்லி ஓட்டை போட்டால் மாவு சுலபமாக வெளியே வராது. வெளிப்பக்கத்திலிருந்து 2 மில்லி டிரில்லில் நாலைந்து மில்லி ஆழம் போட்டுக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து 4 மில்லி டிரில்லில் எதிர்கொண்டு திறக்க வேண்டும். வெளிவாய்ப் பக்கம் குறுகின ஓட்டை 3 மில்லி நீளத்துக்கு இருந்தால் போதும். டிரில் முனையின் 118 டிகிரி கோணமே உள்ளே சரிவு கொடுத்துவிடும், தனி டூல் வேண்டாம். ஓட்டைகளுக்கு நடுவே 3 மில்லியாவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இழைகள் வெளியே வந்ததும் ஒட்டிக்கொள்ளும்.

நடு ஓட்டைகளில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் வருகிறதா என்று பழைய வில்லையிலேயே பார்த்துவிடலாம். பத்து விநாடி ஓட விட்டு, எல்லாவற்றையும் ஒரே வெட்டில் அறுத்து, நீளத்தை ஒப்பிடுங்கள். ஓரம் பின்தங்கினால் புது வில்லையில் அந்த ஓட்டைகளைப் பின்னாலிருந்து அரை மில்லி கூடுதல் ஆழத்துக்குத் திறந்தால் ஓரளவு சமமாகும்.

குழல் வடிவம் கேட்டால் வேலை கொஞ்சம் கூடும். ஓட்டைக்கு நடுவே ஒரு ஊசி நிற்க வேண்டும். அதைப் பின்னாலிருந்து மூன்று கால்கள் தாங்கும். மாவு மூன்றாகப் பிரிந்து, கால்களைத் தாண்டி, வாய்க்கு வருவதற்குள் மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். கால்களுக்கும் வாய்க்கும் நடுவே இடம் போதாவிட்டால் குழல் நீளவாக்கில் பிளந்து வரும். வளைந்த மக்ரோனி எப்படி வருகிறது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்: ஊசியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வெட்டு இருக்கும். அந்தப் பக்கம் மாவு வேகமாக ஓடும், குழல் எதிர்ப்பக்கம் வளையும். எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். பூ, நட்சத்திரம் மாதிரி வெட்டுக்கெல்லாம் லேத் உதவாது, மின்பொறிக் கம்பியால் உலோகத்தை அறுக்கும் வயர்கட் மெஷினுக்குப் போங்கள்.

பட்டறைக்குப் போகும்போது பழைய வில்லையையும், முடிந்தால் அதை இறுக்குகிற மூடியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். விட்டம், படிகள், கனம் எல்லாம் வெர்னியர் அளவுகோலில் எடுத்து, வெளிவிட்டத்தில் 0.1 முதல் 0.2 மில்லி வரை தளர்வு விடச் சொல்லுங்கள். யாரிடமாவது 3டி பிரிண்டர் இருந்தால் முதலில் பிளாஸ்டிக்கில் அச்சடித்து, மெஷினில் உட்காருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அதில் பிழிந்து சாப்பிட வேண்டாம். ஒரே ஒரு பீஸ் என்றால் பெரிய பட்டறைகள் முகம் கொடுக்காது. ஒற்றை லேத் வைத்திருப்பவரிடம் போங்கள், இரண்டாகச் செய்து வாங்குங்கள். செட்டிங் போடுகிற நேரத்துக்குத்தான் காசு, இரண்டாவது பீஸுக்குக் கொஞ்சம்தான் கூடும்.

கையால் சுற்றுகிற ரோலர் மெஷின் வைத்திருப்பவர்களும் கேட்கிறீர்கள். கைப்பிடி, கியர், புஷ் வரை செய்து தருவார்கள். ரோலரில் கை வைக்காதீர்கள். தலைமுடி அளவு சரிவு இருந்தாலும் மாவுத்தகடு ஒரு பக்கம் தடித்து வரும்.

வில்லை கைக்கு வந்ததும் கட்டிங் ஆயில் போகப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஓட்டை ஓட்டையாகப் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். முதல் ஈடு மாவைப் பிழிந்து குப்பையில் போடுங்கள். மாவு புட்டு மாவு பதத்திலேயே இருக்கட்டும். அதைவிட வறண்டால் பிரான்ஸில் இன்னும் அதிகமாகப் பிடிக்கும். வேலை முடிந்ததும் ஓட்டையில் காய்ந்ததை ஊசியால் குத்த வேண்டாம், கீறல் விழும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டால் ஊறி, தள்ளினால் வந்துவிடும். எலுமிச்சை, புளி, டிஷ்வாஷர் மூன்றும் கூடாது. ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பச்சை பூக்கும். துடைத்து, துளி சமையல் எண்ணெய் தடவி வையுங்கள்.