பழுப்பு கிரேயான் மட்டும் ஏன் தேயவில்லை?

(பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரையில் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குப் படக்கதை வாசிப்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, மாநிறம். கொழுந்தனாரின் மகள் நல்ல சிவப்பு. வீட்டில் யாராவது இருவரையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்போதெல்லாம் தன்னையே வரைந்தாலும் வெளிர் ரோஜா நிறம்தான் தீட்டுகிறாள். எல்லா நிறமும் அழகு என்று சொல்லித்தரும் படப்புத்தகம் ஒன்றைச் சொல்லுங்களேன். – வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்படிச் சொல்லித்தரும் புத்தகத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். நாம் யாரைச் சமாதானப்படுத்துவோம்? குறை உள்ளவரைத்தானே! 'நீயும் அழகுதான்' என்று பக்கத்துக்குப் பக்கம் சொன்னால், தன்னிடம் ஏதோ சரியில்லை என்பதைக் குழந்தை அங்கேயே கண்டுகொள்ளும்.

கறுத்த பெண் குழந்தை ஒருத்தி பட்டத்தைத் தொலைக்கிறாள், தம்பியிடம் மாங்காய்க்குச் சண்டை போடுகிறாள், பஸ்ஸில் ஜன்னலோர இடம் கேட்டு அழுகிறாள். அவள் நிறத்தைப் பற்றிக் கதையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. உங்களுக்கு வேண்டியது அந்த மாதிரிப் புத்தகம். கடையில் அட்டையை மட்டும் பார்க்காமல் உள்ளே புரட்டுங்கள். கதாநாயகி பளிச்சென்றும், வேலைக்கார அம்மாவும் திருடனும் மட்டும் கறுப்பாகவும் இருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகள் முன்பு பொம்மைகளை வைத்தார்கள். நிறம் ஒன்றைத் தவிர அவற்றில் வேறு வித்தியாசமே கிடையாது. நல்ல பொம்மை எது என்று கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. சுற்றிலும் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். உங்கள் மகளும் முகப்பூச்சு விளம்பரத்தையும் மணமகள் தேவை விளம்பரத்தையும் நடுவில் வைத்துக்கொண்டுதான் வளர்கிறாள்.

கிரேயான் பெட்டியையும் கொஞ்சம் கவனியுங்கள். வெளிர் ரோஜா நிறக் குச்சிக்குத் 'தோல் நிறம்' என்று பெயர் போட்ட பெட்டிகள் நம் ஊர்க் கடைகளில் விற்றிருக்கின்றன. கிரேயோலா நிறுவனம் அப்படிப்பட்ட பெயரை 1962-லேயே மாற்றிவிட்டது. எங்கள் நூலகப் பெட்டியில் அந்த வெளிர் குச்சி நகத்தால் பிடிக்கவும் முடியாத அளவுக்குத் தேய்ந்துவிடும். பழுப்புக் குச்சியோ சுற்றிய காகிதம்கூடக் கிழியாமல் முழுதாகக் கிடக்கும். மரம் வரையும்போது மட்டும் அதற்கு வேலை.

அதனால் ஒரு சனிக்கிழமை, கதை முடிந்ததும் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, முழங்கையை அதன் மேல் வைக்கச் சொன்னேன். கைக்குப் பக்கத்திலேயே நிறத்தைத் தேய்த்துப் பார்த்து, யார் நிறம் எதில் வருகிறது என்று தேட வேண்டும். வெறும் பழுப்பு யாருக்கும் பொருந்தவில்லை. அடியில் மஞ்சள், மேலே பழுப்பு என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்குக் கொஞ்சம் செங்கல் நிறமும் வேண்டியிருந்தது. ஒரு பையன் முட்டியையும் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், எனக்கு ரெண்டு கலர்" என்று புகார் சொன்னான். உடனே எல்லாரும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்க, அன்று மணி போனதே தெரியவில்லை. இதை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். ஒப்பிடுகிற பெரியவர்களையும் உட்கார வையுங்கள்.

அவர்களிடம் பேசாமல் புத்தகம் மட்டும் வாங்கிப் பயனில்லை. கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்த கையோடு, நிறம் வரட்டும் என்று குழந்தைக்குக் கடலைமாவு பூசுகிற ஊர் நம் ஊர். "அத்தை, இவள் முன்னால் நிறப் பேச்சு வேண்டாம்" என்று மகள் காதில் விழும்படியே சொல்லுங்கள். அவள் காதில் விழுவதுதான் முக்கியம்.

கேள்வி: மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஊன்றுகோலோடு நின்றவரைக் காட்டி, "இந்த மாமாவுக்கு ஏன் ஒரு கால் இல்லை?" என்று என் நான்கு வயது மகன் உரக்கக் கேட்டுவிட்டான். அவன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு வந்தேன். இதற்கும் படப்புத்தகம் உதவுமா? – வாசகி, மேலூர்

பதில்: உதவும். ஆனால் முதலில் அந்த வாய்க்கு விடுதலை கொடுங்கள். அவன் கேட்டது கேலி இல்லை, கேள்வி. "ஆமாம், அவருக்கு ஒரு கால் இல்லை. ஊன்றுகோல் வைத்து நடக்கிறார்" என்றால் முடிந்தது. வாயைப் பொத்தினால், அவரைப் பார்க்கவே கூடாது போலிருக்கிறது என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வகைக் கதையைத் தள்ளிவையுங்கள். எல்லாரும் ஒதுக்கிய குழந்தை கடைசிப் பக்கத்தில் ஊரையே காப்பாற்றும். அப்புறம்தான் விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்கள். இது எனக்குப் பிடிக்காத கதை. சாகசம் செய்யாவிட்டால் சேர்க்க மாட்டார்களா? சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கொய்யா திருடி மாட்டிக்கொள்ளட்டுமே!

நான் வாசித்த ஒரு படக்கதையில், திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் ஊன்றுகோலோடு ஒரு சிறுவன் நிற்பான். கதையில் அவனுக்குப் பேச்சே கிடையாது. ஆனால் குழந்தைகளின் கண் அங்கேதான் போனது. ராட்டினத்தில் ஏறும்போது ஊன்றுகோலை எங்கே வைப்பான்? மடியில் வைத்தால் விழாதா? ராட்டினக்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறுவான் என்று முடிவானது. 'பாவம்' என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. நீங்களும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் வாசித்துப் பாருங்கள், கஷ்டமாகத்தான் இருக்கும்.

கேள்வி: நீதி இல்லாத கதையைப் பேரனுக்கு வாசித்து என்ன பயன்? – வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, நீங்கள் பத்திரிகையில் சிரிப்புத் துணுக்கு படிக்கும்போது கீழே நீதி தேடுகிறீர்களா?

கேள்வி: என் மகள் இடது கையால் எழுதுகிறாள், சாப்பிடுகிறாள். மாமியார் கையில் தட்டுகிறார். – வாசகி, சிவகாசி

பதில்: ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அது அவள் இயல்பு. தட்டினால் மாறாது, பயம்தான் வரும். இடது கையால் வரைகிற, பந்து எறிகிற பிள்ளைகள் படங்களில் இருக்கிறார்களா என்று அவளையே தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்ததைப் பாட்டியிடம் அவளே காட்டட்டும். இடது கைக்கென்று செய்த கத்தரிக்கோல் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: இத்தகைய படப்புத்தகங்கள் தமிழில் எங்கே கிடைக்கும்? விலை கட்டுப்படியாகுமா? – வாசகர், தேனி

பதில்: சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் குழந்தைகளுக்கென்றே நூல் வெளியிடுகிறது, தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் வருகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசை விலை குறைவு. காசே வேண்டாம் என்றால், பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கலாம். செல்பேசியில் காட்டாமல் அச்செடுத்து, நூல் கோத்துக் கையில் கொடுங்கள். மதுரைப் பக்கம் வந்தால், 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிப்போங்கள்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் வாங்குமுன் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் நாக்கு தடுக்கினால் குழந்தை எழுந்து ஓடிவிடும். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.