குடித்தவன் சொன்னால்

அன்புள்ள ஐயா,

குடியை விட்டு மூன்று வருடமாகிறது. ஆன்லைனில் 'ரெகவரி கோச்', அதாவது குடியை விட நினைப்பவருக்குத் துணைநிற்பவர், பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். என் அக்கா மகன் காலையிலேயே குடிக்கிறான். "மாமா விடலையா? நாளையிலிருந்து நிறுத்து" என்கிறேன். குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்று சாக்குச் சொல்கிறான். குடித்தே பார்க்காத கவுன்சலரைவிடப் பட்டுத் தெரிந்த எனக்குத் தகுதி அதிகம்தானே? இதற்குக் கட்டணம் வாங்கலாமா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

மூன்று வருடம் லேசுப்பட்டதல்ல. உங்கள் வீட்டம்மா எத்தனை நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறாரோ, அதை நினைத்தே சந்தோஷப்பட்டேன். கவுன்சலரா நீங்களா என்ற போட்டியை விடுங்கள். சொத்தைப் பல் இருப்பவர்தான் பல் டாக்டர் ஆகவேண்டுமா என்ன?

பட்டவன் சொல்லுக்கு எங்கிருந்து பலம் வருகிறது என்று கொஞ்ச நாளாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் நகரம். வந்த வியாபாரம் கைகூடாமல் ஓட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார் பில் வில்சன். பக்கத்திலேயே பார். அவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதுவரை நியூயார்க்கில் கண்ணில் பட்ட குடிகாரர்களுக்கெல்லாம் உபதேசம் செய்திருந்தார், ஒருவரும் விடவில்லை. அன்று அவர் ஆக்ரன் பாதிரியார் ஒருவருக்குப் போன் போட்டது யாரையும் கரையேற்ற அல்ல. பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைக்காவிட்டால் தானே குடித்துவிடுவோம் என்ற பயம்.

மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் கிடைத்தார். அறுவை சிகிச்சை நிபுணர், மொடாக்குடியர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. பில் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். ஆனாலும் பாப் அத்தோடு குடியை விட்டுவிடவில்லை. சில வாரம் கழித்து ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் நினைவில்லாமல் குடித்துத் திரும்பினார். அவருக்கு ஆபரேஷன் இருந்த நாள் காலையில், கை நடுக்கம் நிற்க பில்லே ஒரு பீர் கொடுத்தார். 1935 ஜூன் 10. பாப் கடைசியாகக் குடித்தது அதைத்தான். இவர்கள் இருவரும் தொடங்கிய, குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தன் பிறந்தநாளாகக் கணக்கு வைத்திருப்பதும் அந்தத் தேதியைத்தான்.

குடிகாரரான என் சித்தப்பாவைப் பார்க்க, குடியை விட்ட ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் வருவார். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் குடித்த கதையைச் சொல்வார். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "இன்னைக்கு எனக்கே முடியலைங்க, கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கிறேன்" என்றார். சித்தப்பா எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். அந்த வீட்டில் பல வருடமாக யாரும் சித்தப்பாவிடம் எதற்கும் உதவி என்று வந்ததில்லை. நீங்களோ அக்கா மகன் முன்னால் ஜெயித்தவராக நிற்கிறீர்கள்.

கட்டணமா? அமெரிக்காவில் 2007 முதல் மெடிக்கெய்ட் என்ற, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மூலமாகவே, பட்டவர் இன்னொருவருக்குத் துணைநிற்கும் இந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க வழியிருக்கிறது. வெளியாட்களிடம் தாராளமாக வாங்குங்கள்.

ஆனால் ஒன்று, கோபமாகவே சொல்கிறேன். கை நடுக்கம் சாக்கா? தினமும் காலையிலேயே குடிக்கிறவன் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இல்லாத உருவம் தெரியலாம், உயிரே போகலாம். மூன்று வருடம் முன்பு உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவன் உடம்புக்கு உத்தரவாதம் இல்லை. மாத்திரை கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த மருத்துவமனையில் வழி இருக்கிறது. அவனிடம் "நாளையிலிருந்து நிறுத்து" என்று இனி சொல்லாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அங்கே கூடவே உட்காருங்கள்.