ஒரு கணினி, இரண்டு டிஸ்க், இரண்டு ஓ.எஸ்.: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மளிகைக் கடைக் கணக்கு முழுவதும் டேலியில் இருக்கிறது. ஏழாம் தலைமுறை ஐ5 போட்டு அசெம்பிள் செய்த கணினி, 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். விண்டோஸ் 10-ஐ டேலிக்காக வைத்துக்கொண்டு, மற்றதற்கு லினக்ஸ் போடலாம் என்று மகன் சொல்கிறான். இருக்கிற டிஸ்க்கையே இரண்டாகப் பிரித்தால் போதாதா? (கரூர் வாசகர்)

பதில்: பிரிக்க வேண்டாம். தனியாக ஒரு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கிவிடுங்கள். உங்கள் டிஸ்க்கில் இருப்பது வியாபாரக் கணக்கு. பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியை, சுருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் போவது வெறும் விண்டோஸ் மட்டுமல்ல. மகன் சொல்வதும் சரிதான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வங்கி, மெயில், இணையம் எல்லாம் லினக்ஸுக்குப் போகட்டும். விண்டோஸில் டேலி மட்டும் ஓடட்டும்.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போதே அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பெட்டிக்குள் கேபிள் இருக்காது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருந்து வரும் தட்டையான பவர் பின் ஒன்று காலியாக இருக்கிறதா என்றும் கேபினெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். லினக்ஸ் போடும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். கணினியை அணைத்து, சுவரில் இருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளை உருவுங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் எழும் கணினியில், ஓ.எஸ்.ஸை எழுப்பிவிடும் கோப்புகள் இ.எஃப்.ஐ. என்ற சிறிய பார்ட்டிஷனில் இருக்கும். விண்டோஸ் வழக்கமாக இதற்கு 100 எம்.பி. ஒதுக்கும். இரண்டு டிஸ்க்கும் செருகியிருக்கும்போது புது ஓ.எஸ். போட்டால், இன்ஸ்டாலர் பல நேரம் முதல் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனிலேயே தன் கோப்புகளையும் வைத்துவிடும். விண்டோஸ் இன்ஸ்டாலர் அப்படித்தான் செய்யும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பழைய இன்ஸ்டாலரோ, நாம் வேறு டிஸ்க்கைக் காட்டினாலும் முதல் டிஸ்க்கில் போய் எழுதிய கதை ஊரறிந்தது. அப்படி ஆகிவிட்டால் லினக்ஸ் இரண்டாவது டிஸ்க்கில் இருக்கும், அதன் சாவி மட்டும் முதல் டிஸ்க்கில் இருக்கும். நாளைக்கு முதல் டிஸ்க் பழுதானாலோ ஃபார்மேட் ஆனாலோ, ஒரு குறையும் இல்லாத லினக்ஸும் எழுந்திருக்காது. தனி டிஸ்க் வாங்கிய காசே வீண்.

கேபிளைக் கழற்றியிருந்தால் இன்ஸ்டாலரின் கண்ணில் படுவது ஒரே டிஸ்க்தான். மின்ட் என்ற லினக்ஸ் வகையில் "முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு" என்ற பொருளில் வரும் தேர்வைக் கூசாமல் அழுத்தலாம், அழிக்க வேறு எதுவும் அங்கே இல்லை. லினக்ஸ் இன்ஸ்டாலர் இருக்கும் பென் டிரைவில் இருந்து பூட் செய்யும்போது (கணினியை எழுப்பும்போது) பட்டியலில் அதன் பெயர் இரண்டு முறை வரலாம். உங்கள் விண்டோஸ் எந்த முறையில் ஓடுகிறதோ அதே முறையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் "பயாஸ் மோட்" என்ற வரியில் யு.இ.எஃப்.ஐ.யா, லெகசி என்ற பழைய முறையா என்று போட்டிருக்கும். கேபிளைக் கழற்றும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் லினக்ஸ் டிஸ்க் மட்டும் இருக்க ஒரு முறை பூட் செய்து பாருங்கள். அப்புறம் அதைக் கழற்றி, விண்டோஸ் டிஸ்க்கை மட்டும் செருகிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக எழுந்தால்தான் வேலை சரி. பிறகு இரண்டையும் செருகி, தினமும் எது அதிகம் தேவையோ அதை பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) முதலில் வையுங்கள். மற்றது வேண்டும்போது பூட் மெனுவுக்கான பட்டனை அழுத்தினால் போதும். ஜிகாபைட் மதர்போர்டில் எஃப்12, எம்.எஸ்.ஐ., ஏஎஸ்ராக் இரண்டிலும் எஃப்11, ஏசுஸில் எஃப்8. லினக்ஸ் எழும்போது வரும் கிரப் மெனுவிலேயே விண்டோஸையும் வரவழைக்கலாம். கிரப் 2.06 வந்த பிறகு பல லினக்ஸ் வகைகளில் அது தானாக வருவதில்லை, அமைப்பில் போய் இயக்க வேண்டும். எனக்கு அது தேவை என்று தோன்றவில்லை. ஒன்றின் வழியில் மற்றதை இழுக்காமல் இருப்பதே நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்து, கடைக்கு வெளியே, வீட்டில் வையுங்கள்.

கேள்வி: புது லேப்டாப், விண்டோஸ் 11. இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் ஒரு என்.வி.எம்.இ. (குச்சி வடிவ எஸ்.எஸ்.டி.) போட்டு அதில் உபுண்டு வைக்க நினைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தேன். இப்போது நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. என் ப்ராஜெக்ட் எல்லாம் உள்ளே இருக்கிறது. (பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

பதில்: பதற வேண்டாம் தம்பி, கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. முதலில் பயாஸுக்குள் போய், நம்பகமான ஓ.எஸ்.ஸை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டை மறுபடி இயக்குங்கள். பல கணினிகளில் அதோடு கேள்வி நின்றுவிடும். நிற்காவிட்டால், திரையில் தெரியும் கீ ஐ.டி.யின் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, லேப்டாப்பில் கொடுத்த அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஃபோன் வழியாக நுழையுங்கள். அங்கே ரெகவரி கீ பக்கத்தில் அந்த ஐ.டி.க்கு நேராக 48 இலக்க எண் இருக்கும். பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு வரும் கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பிட்லாக்கர் என்ற பாதுகாப்பால் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்படுகிறது. பூட் அமைப்பில் கை வைத்தால், வேறு யாரோ திறக்கிறார்கள் என்று அது சந்தேகப்படும். பயாஸைத் தொடும் முன் விண்டோஸில் அந்தப் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும். சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கை எந்த சர்வீஸ் கடைக்காரராலும் திறக்க முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையே இல்லை. உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாம் அது இயங்கும்போதே ஏறும். என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை மெனு வந்து அதைக் கேட்கும். அதை அவசரத்தில் தாண்டிவிட்டுத்தான் பலர் டிரைவர் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

தனி டிஸ்க் எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடுக்கும் பட்டியலை மதர்போர்டின் நினைவகத்திலேயே எழுதியது. லினக்ஸ் எந்த டிஸ்க்கில் இருந்தாலும் பலருக்கு எழவில்லை. லினக்ஸையும் அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள்.

முதல் பதிலில் சொன்னபடி, உபுண்டு போடும் நேரத்தில் விண்டோஸ் இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றி வைப்பது நல்லது. லேப்டாப்பைத் திறக்கும்போது பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். எம்.2 ஸ்டிக்கைப் பிடித்திருப்பது ஒரே ஒரு பொடி ஸ்க்ரூ. அதை எடுத்ததும் ஸ்டிக் தானாகவே சாய்வாக மேலெழும், அதே சாய்வில்தான் உருவ வேண்டும், படுக்கை வாட்டில் இழுத்தால் ஸ்லாட் உடையலாம். இரண்டாவது ஸ்லாட் என்.வி.எம்.இ.யை ஏற்குமா, சாட்டாவை மட்டும் ஏற்குமா என்பதையும் மேனுவலில் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் ஸ்டிக்கைக் கழற்ற பயமாக இருந்தால், சில பயாஸ்களில் குறிப்பிட்ட ஸ்லாட்டை மட்டும் அணைத்து வைக்க வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7-இல் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும். இதைவிட்டு வர முடியாது. ஆனால் மெயிலில் வரும் வேலையைத் திறக்கவே பயமாக இருக்கிறது. (சிவகாசி வாசகர்)

பதில்: உங்களை விண்டோஸ் 7-ஐ விடச் சொல்ல எனக்கு மனமில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் பல ஆண்டுகளாக அடித்து வைத்த அழைப்பிதழ்களும் பில் புத்தகங்களும் அதில் இருக்கும். ஆனால் 2020 ஜனவரி 14-க்குப் பிறகு அதற்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட் கிடையாது. அது இணையத்தைப் பார்க்கவே கூடாது. முதல் பதிலில் சொன்னபடி இன்னொரு டிஸ்க்கில் லினக்ஸ் போடுங்கள், மெயில் அங்கே. விண்டோஸ் 7-இல் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டரை டிஸேபிள் செய்துவிடுங்கள். அது அந்த விண்டோஸை மட்டும்தான் கட்டுப்படுத்தும். இணையக் கேபிள் செருகியபடியே இருக்கலாம், லினக்ஸில் இணையம் வழக்கம்போல வரும்.

உங்கள் கணினி அநேகமாக லெகசி முறையில்தான் ஓடும். லினக்ஸையும் அதே முறையில் போடுங்கள். கோப்பு பரிமாற, இரண்டும் படிக்கக்கூடிய என்.டி.எஃப்.எஸ். பார்ட்டிஷன் ஒன்று வையுங்கள். லினக்ஸின் சொந்த பார்ட்டிஷனை விண்டோஸ் 7 படிக்காது.

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை அதே அளவோ பெரியதோ ஆன புது டிஸ்க்குக்கு, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஸில்லா மென்பொருள் கொண்டு நகல் எடுங்கள். ஓ.எஸ்., எழுத்துரு, பேஜ்மேக்கர் எல்லாம் அப்படியே வந்துவிடும். நகலைப் பூட் செய்து ஒரு பழைய அழைப்பிதழைத் திறந்து, எழுத்து சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு பீரோவில் வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

கேள்வி: லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது. (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: மதர்போர்டுக் கடிகாரத்தில் விண்டோஸ் நம்மூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலக நேரத்தை எழுதும். நமக்கும் அதற்கும் வித்தியாசம் 5.30 மணி. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் உள்ளூர் நேரத்தை எழுதச் சொன்னால் தீர்ந்தது. தேதியே பல வருடம் பின்னால் போனால் அது வேறு: மதர்போர்டில் வட்டமாக இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: விண்டோஸ் டிஸ்க்கை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை. (கோவை வாசகர்)

பதில்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். விண்டோஸ் 8-இல் வந்தது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், டிஸ்க்கும் மூடப்படாமல் இருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். வற்புறுத்தி எழுதும் வழிகளை முயலாதீர்கள், கோப்புகள் சேதமாகும்.

கேள்வி: லினக்ஸ் இருக்கும் டிஸ்க்கை மட்டும் கழற்றி அண்ணன் மகனுக்குக் கொடுக்கலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: கொடுக்கலாம். லினக்ஸ் பெரும்பாலும் வேறு கணினியிலும் அப்படியே எழும். விண்டோஸ் பார்ட்டிஷன் தானாக மவுன்ட் ஆகும்படி (திறந்து இணையும்படி) லினக்ஸில் அமைத்திருந்தால் மட்டும் முதலில் அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் போய் நிற்கும். உங்கள் சொந்தக் கோப்புகளையும் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் கணினியின் பூட் பட்டியலில் லினக்ஸின் பெயர் மிச்சம் இருந்தால் பயாஸில் நீக்கிக்கொள்ளலாம், விட்டுவிட்டாலும் பாதகமில்லை.