ஜப்பானில் அன்றாடம்: சில கேள்விகள், சில பதில்கள்

டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவள் நான். படிப்புக்கோ வேலைக்கோ ஜப்பானுக்கு வரவிருப்பவர்களும், அந்நாட்டைத் திரையில் மட்டுமே பார்த்தவர்களும் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். பல கேள்விகளுக்கு அடியில், ஜப்பானியர் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்ற எண்ணம் இருப்பதைக் கண்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆகவே அந்த ஒழுங்குக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தையோ ஏற்பாட்டையோ கூடியவரை சேர்த்தே சொல்கிறேன்.

தொலைந்த பணப்பை அப்படியே திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மைதானா? (திருச்சி வாசகர்)

பெரும்பாலும் உண்மை. ஆனால் அதற்கு நேர்மை மட்டுமே காரணம் அன்று. கோபான் எனப்படும் சிறு காவல் நிலையம் ஏறக்குறைய எல்லாப் பேட்டைகளிலும் உண்டு. கண்டெடுத்த பொருளை அங்கே கொடுத்துப் பதிவு செய்வது எளிது. தொலைந்த பொருள் சட்டத்தின்படி, உரியவர் வந்து பெற்றுக்கொண்டால் கண்டெடுத்தவர் அதன் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி கோரலாம். மூன்று மாதங்களுக்குள் யாரும் வராவிட்டால் பொருளே அவருக்குச் சொந்தமாகிவிடும். கைப்பேசி, அடையாள அட்டை போன்று தனிப்பட்ட விவரங்கள் அடங்கியவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. பணப்பையைப் பொறுத்தவரை கவலை வேண்டாம் என்று சொல்லும் நான், குடையையும் மிதிவண்டியையும் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். மிதிவண்டியைப் பூட்டாமல் விடாதீர்கள். வாங்கும்போதே திருட்டுத் தடுப்புப் பதிவும் செய்துகொள்ளுங்கள், அது சட்டப்படி கட்டாயம்.

தெருவில் குப்பைத்தொட்டியே இல்லை, ஆனாலும் தெரு சுத்தமாக இருக்கிறது. எப்படி? (சேலம் வாசகி)

தொட்டிகள் முன்பு இருந்தன. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தபின், பாதுகாப்பைக் கருதிப் பொது இடங்களிலிருந்து பெருமளவில் அகற்றப்பட்டன. அதனால் மக்கள் தம் குப்பையைப் பையில் வைத்து வீட்டுக்கே எடுத்துச் செல்கிறார்கள், அல்லது வாங்கிய கடையிலேயே போடுகிறார்கள்.

வீட்டுக் குப்பையின் கதை இன்னும் சுவையானது. டோக்கியோவின் 23 வார்டுகளின் குப்பையில் பெரும்பகுதி ஒருகாலத்தில் கோத்தோ வார்டின் கடற்கரையில்தான் கொட்டப்பட்டது. ஈயும் நாற்றமும் தாங்காத அவ்வார்டு மக்கள், தம் பகுதியில் குப்பையை எரிக்கும் ஆலை வேண்டாமென்று எதிர்த்துக்கொண்டிருந்த சுகினாமி வார்டின் குப்பை வண்டிகளை வழிமறித்தார்கள். 1971-இல் ஆளுநர் மினோபே ரியோகிச்சி இதைக் "குப்பைப் போர்" என்றே அறிவித்தார். அவரவர் குப்பையை அவரவர் பகுதியே ஏற்க வேண்டும் என்ற கொள்கை அந்தச் சண்டையில் வலுப்பெற்றது. இன்று நீங்கள் காணும் அமைதியான தெருமுனை, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வசைச்சொல்லும் மறியலுமாக இருந்த இடம்.

நடைமுறைக்கு வருவோம். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில், தாள் என ஒவ்வொன்றுக்கும் கிழமை உண்டு. பிரிக்கும் விதியோ ஊருக்கு ஊர் மாறும். தொக்குஷிமா மாவட்டத்தின் கமிகட்சு சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். தவறாகப் பிரித்த பையை ஊழியர்கள் எடுக்காமல் அறிவிப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். அது யாருடைய பை என்பது அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் தெரிந்துவிடும். என் பார்வையில், அபராதத்தைவிட இந்தச் சீட்டுக்கே வலிமை அதிகம்.

நான் சைவம். பிழைக்க முடியுமா? (மதுரை மாணவி)

முடியும். ஆனால் முதல் மாதம் சிரமமாக இருக்கும். காய்கறி மட்டும் தெரியும் உணவிலும், அடியில் தாஷி எனப்படும் சாறு இருக்கும். அதில் பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனின் சீவல் சேர்ந்திருக்கும். மிசோ சூப், நூடுல்ஸ், வேகவைத்த கீரை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். கடைக்காரரிடம் "இறைச்சி இல்லையா?" என்று கேட்டால் "இல்லை" என்பார், அவர் பொய் சொல்லவில்லை; மீன்சாறு அவர் கணக்கில் இறைச்சி ஆகாது. ஆகவே மீன்சாறு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிடும் பட்டியலில் கட்சுவோ இடம்பெறாது என்பதால், அதைப் பார்த்து முடிவு செய்யாமல் மூலப்பொருள் வரியைப் படித்து, கட்சுவோ, பன்றி, கோழி ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளை அடையாளம் காணப் பழகுங்கள். உருளைக்கிழங்கு வறுவலில்கூட இறைச்சிச் சாறு இருக்கக்கூடும்.

நம்பிச் சாப்பிடக்கூடியது பௌத்த மடங்களின் ஷோஜின் உணவு. கடற்பாசியும் உலர்ந்த காளானும் கொண்டு சாறு காய்ச்சுவார்கள். வகயாமா மாவட்டத்தின் கோயாசான் மலையில் மடத்திலேயே தங்கி உண்ணலாம், விலைதான் அதிகம். அன்றாடச் சமையலுக்கு எடோகாவா வார்டின் நிஷி-கசாய் பக்கம் வாருங்கள். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கணினிப் பணிக்கு வந்த இந்தியர்கள் அங்கே குடியேறியதால், துவரம்பருப்பிலிருந்து இந்திய மசாலாப் பொடிகள் வரை கிடைக்கின்றன. "ஜப்பானிய கறி" என்ற பலகையைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அது ஆங்கிலேயர் வழியாக இங்கு வந்த, மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய, பெரும்பாலும் இறைச்சி கலந்த குழம்பு. அதற்கு மாற்றாக, இங்கே தஞ்சம் புகுந்த வங்க விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸின் வழிகாட்டலில், டோக்கியோ ஷின்ஜுகுவின் நகமுராயா உணவகம் 1927-இல் இந்தியக் கறியை விற்கத் தொடங்கியது; இன்றும் விற்கிறது. ஆனால் அது கோழிக்கறி, உங்களுக்கு உதவாது.

ரயிலில் எல்லாரும் மாங்கா என்னும் படக்கதை படித்துக்கொண்டிருப்பார்களாமே? (கோவை வாசகர்)

அது பழைய காட்சி. இப்போது எல்லார் கண்ணும் கைப்பேசியில்தான், மாங்காவும் அதற்குள்ளேயே இருக்கிறது. 1968-இல் தொடங்கிய "ஷோனென் ஜம்ப்" வார இதழ் 1995-இல் 65.3 லட்சம் படிகள் வரை அச்சானது. அந்த உயரம் பின்னர் திரும்பவில்லை. அத்தகைய கதைகளை உருவாக்கியது கற்பனைவளம் மட்டுமன்று. இதழோடு வரும் அஞ்சலட்டையில் பிடித்த தொடர்களைக் குறித்து வாசகர்கள் அனுப்புவார்கள். அந்தத் தேர்வில் பின்தங்கும் தொடர் சில மாதங்களிலேயே நிறுத்தப்படலாம். ஒவ்வொரு வாரமும் கதை ஒரு திருப்பத்தில் தொங்கி நிற்பதற்கு இந்த அஞ்சலட்டைக்கும் பங்குண்டு.

மாங்கா விசிறிகளின் உலகைக் காண விரும்பினால் கோடையிலும் ஆண்டிறுதியிலும் டோக்கியோ பிக் சைட் வளாகத்தில் கூடும் காமிக் மார்க்கெட்டுக்குச் செல்லுங்கள். 1975-இல் தொடங்கிய இச்சந்தையில், பிறருடைய கதைமாந்தரை வைத்து விசிறிகளே வரைந்து அச்சிட்ட நூல்கள் விற்கப்படுகின்றன. உரிமையாளர் புகார் கொடுத்தாலன்றிப் பொதுவாக வழக்கு எழாது. உரிமையாளர்களும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, ஏனெனில் நாளைய ஓவியர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

பாடகியரின் ஒரே சிடியை ஒருவரே ஐம்பது வாங்குவது ஏன்? (சென்னை வாசகர்)

பாட்டுக்காக அன்று, உள்ளே இருக்கும் சீட்டுக்காக. 2005-இல் அகிஹபாராவில் சிறு அரங்கோடு தொடங்கிய ஏகேபி48 குழு, சிடியோடு பாடகியரிடம் கைகுலுக்கும் சீட்டையும், பிடித்த பாடகியைத் தேர்ந்தெடுக்க 2009 முதல் 2018 வரை நடத்திய ஆண்டுத் தேர்தலுக்கான வாக்கையும் சேர்த்து விற்றது. பணம் இருக்கும்வரை வாக்குப் போட முடிந்தது. இதை அன்பு என்று சிலர் எழுதுகிறார்கள்; எனக்கு இது தனிமையை விலைக்கு விற்கும் வணிகமாகவே தெரிகிறது.

இரவில் தனியாக ரயிலில் வரப் பயப்பட வேண்டுமா, அக்கா? (தஞ்சை மாணவி)

தெருவில் நடப்பதற்குப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை, தங்கையே. நெரிசலான காலை ரயிலில்தான் எச்சரிக்கை தேவை. பெண்களுக்கென்று தனிப்பெட்டி ஒதுக்கியிருப்பதும், மறைவாகப் படமெடுப்பதைத் தடுக்க இங்கே விற்கும் கைப்பேசிகளில் கேமரா ஒலியை அணைக்க முடியாதபடி நிறுவனங்களே அமைத்திருப்பதும் தொல்லை இருந்ததால்தான், இருப்பதால்தான். யாரேனும் தொட்டால் உரக்கச் சொல்லுங்கள். அடுத்த நிலையத்தில் இறங்கி ஊழியரிடம் புகார் செய்யுங்கள். வண்டியின் அமைதியைக் குலைக்கிறோமே என்று தயங்க வேண்டாம்.

நம் படங்களை அங்கே பார்க்கிறார்களா? (நெல்லை வாசகர்)

பார்க்கிறார்கள். ரஜினிகாந்தின் "முத்து" 1998-இல் ஷிபுயாவில் திரையிடப்பட்டுப் பல வாரங்கள் ஓடியது. பொதுவாக இங்குள்ள திரையரங்கில் ஒருவரும் பேசமாட்டார்கள். இறுதியில் பெயர்கள் ஓடி முடியும்வரை பலர் எழவும் மாட்டார்கள். ஆனால் இந்தியப் படங்களுக்கு "மசாலா காட்சி" என்று தனியாக அறிவிப்பார்கள். அதில் கூச்சலிடலாம், காகிதப் பட்டாசு வெடிக்கலாம், காகிதத் துண்டுகளைத் தூவலாம். ஹியோகோ மாவட்டம் அமகசாகியில் உள்ள த்சுகாகுச்சி சன்சன் திரையரங்கம் இதற்குப் பெயர் பெற்றது. கவனித்தீர்களா, ஆரவாரத்துக்கும் நாள் குறித்து விதிமுறை அச்சிடுகிறார்கள்.

வெளிநாட்டவருக்கு வீடு கொடுக்கமாட்டார்களாமே? (பெங்களூருவில் பணிபுரியும் வாசகர்)

நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவருள் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர், வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகக் கூறினர். எனவே முதல் இரண்டு மறுப்புகளில் மனம் தளர வேண்டாம். வீடு கிடைத்தாலும் முன்பணம், வீட்டுக்காரருக்குத் தரும், திரும்பிவராத "நன்றிப் பணம்", தரகு, வாடகைக்கு உத்தரவாதம் தரும் நிறுவனத்தின் கட்டணம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்து நான்கைந்து மாத வாடகை அளவுக்குக் கையில் பணம் வேண்டும். முதலில் அரசு சார்ந்த யூஆர் குடியிருப்புகளைப் பாருங்கள். அங்கே நன்றிப் பணமும் தரகும் உத்தரவாதமும் கிடையாது. தகுதியான விசா உள்ளவரை நாட்டைக் காரணம் காட்டி மறுப்பதில்லை. வருமான நிபந்தனை உண்டு. அதை எட்டாதவர்கள் ஓராண்டு வாடகையை முன்கூட்டியே செலுத்திக் குடியேறவும் வழியிருக்கிறது. கட்டடங்கள் பல பழையவை, லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடியும் வரலாம். மூட்டையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.