வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: தொலைமருத்துவமும் கிராமமும்

கேள்வி: சிறப்பு மருத்துவரைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. ஊர்ச் சுகாதார நிலையத்தில் பெரிய திரையும் கேமராவும் அமைத்து, காணொலி வழியாக மருத்துவரிடம் பேச வழிசெய்து தருவதாக ஒரு நன்கொடையாளர் முன்வந்திருக்கிறார். இதனால் அலைச்சல் உண்மையிலேயே குறையுமா? பணத்தை எதில் செலவிடுவது? – ஊர் நலக்குழு உறுப்பினர் ஒருவர்

பதில்: குறையும், ஆனால் எல்லா நோய்களுக்கும் ஒரே அளவில் குறையாது. ரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களின் தொடர் கவனிப்பு, மனநல ஆலோசனை, தோல் நோய்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புண் ஆறுகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றில் பெரும்பகுதியைத் தொலைவிலிருந்தே செய்துவிடலாம். ஆனால் புதிதாக வந்த வயிற்றுவலியை வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்காமல் எந்த மருத்துவரும் தீர்மானிக்க முடியாது. அவர் கடைசியில் "நேரில் வாருங்கள்" என்றுதான் சொல்வார், நோயாளிக்குக் காத்திருப்பும் பயணமும் இரண்டும் சேர்ந்துவிடும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், கடந்த மூன்று மாதங்களில் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போனவர்களின் பட்டியலைத் தயாரித்து, அவர்களில் எத்தனை பேர் மருந்துச்சீட்டைப் புதுப்பிக்கவும் பரிசோதனை முடிவைக் காட்டவும் மட்டுமே போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அறையில் நீங்கள் எதைச் செய்ய வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும்.

செலவு வரிசையில் திரையை நான் கடைசியில்தான் வைப்பேன். முதலில், நோயாளியின் பக்கத்தில் நிற்கப்போகும் செவிலியரின் சம்பளமும் பயிற்சியும். அடுத்து, நம்பத்தக்க அளவுகளைத் தரும் கருவிகள். மூன்றாவதாக மருந்து இருப்பு. தொலைவிலுள்ள மருத்துவருக்குக் கையால் தொட்டுப் பார்க்க வழியில்லாததால், நீங்கள் சொல்லும் எண்களை நம்பியே அவர் முடிவெடுக்கிறார். எண் தவறினால் சிகிச்சையும் தவறும். ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டை கையின் பருமனுக்குச் சிறியதாக இருந்தால், இல்லாத உயர் அழுத்தத்தை அது காட்டும்; எனவே இரண்டு மூன்று அளவுகளில் பட்டைகள் வேண்டும். நோயாளியை ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, கையை இதயத்தின் உயரத்தில் தாங்கி வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லித்தான் அளக்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கருமையான தோல் உடையவர்களுக்கு ஆக்ஸிஜன் அளவைச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. ஆகவே எண் சரியாக இருக்கிறது என்பதற்காக, மூச்சுத் திணறும் நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மருந்து இருப்பை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதியில் 1928இல், மருத்துவர் விமானத்தில் சென்று நோயாளிகளைப் பார்க்கும் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது; அடுத்த ஆண்டே, மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளுக்காக ஆல்ஃபிரட் டிரேகர் உருவாக்கிய, காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவி பயன்பாட்டுக்கு வந்தது. மருத்துவரின் குரல் வீட்டுக்குள் கேட்டது, ஆனால் அவர் சொல்லும் மருந்து வீட்டில் இருக்க வேண்டுமே! 1940களில் எண்ணிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டிகள் அந்த வீடுகளுக்கு வழங்கப்பட்டன. மருத்துவர் எண்ணைச் சொன்னால் போதும், வீட்டிலிருப்பவர் அந்தப் புட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார். கேமராவே இல்லாத காலத்தில் நடந்த இந்த ஏற்பாட்டை, மருந்தலமாரி காலியாக இருக்கும் ஒரு காணொலி அறையைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேரலையாகப் பேசுவது மட்டுமே தொலைமருத்துவம் அல்ல. தோல் தடிப்பின் படத்தையோ, இ.சி.ஜி. தாளையோ, நீரிழிவு நோயாளியின் விழித்திரைப் படத்தையோ காலையில் அனுப்பிவைத்து, மாலைக்குள் மருத்துவரின் கருத்தைப் பெறலாம். இதற்கு வேகமான இணையமும் தேவையில்லை, இருவரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டியதும் இல்லை. தோலைப் படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், எந்த உறுப்பு என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்றும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நெருக்கமாக ஒன்றும் எடுங்கள்.

கேள்வி: என் தாயாருக்குக் காது மந்தம். காணொலி அடிக்கடி அறுந்துவிடுகிறது. வெறும் தொலைபேசியில் பேசினால் போதாதா? – ஒரு வாசகி

பதில்: மருந்தளவை மாற்றுவது, பரிசோதனை முடிவை விளக்குவது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தொலைபேசியே போதும். ஆனால் காது மந்தமானவர்கள் பேசுபவரின் உதட்டையும் முகத்தையும் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வதால், உங்கள் தாயாருக்குக் காணொலி சற்றுக் கூடுதலாக உதவும். காதை மூடும் ஹெட்ஃபோன் கிடைத்தால் அதையும் பயன்படுத்துங்கள். தொலைதூர இடங்களில் இணைய இணைப்பு, பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் வழியாக வந்தால், பேச்சு போய்ப் பதில் திரும்புவதற்கு அரை நொடி ஆகும். இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதுபோல் தோன்றுவதற்குப் பல நேரங்களில் அதுவே காரணம். ஒரு வாக்கியம் முடிந்ததும் சற்று நிறுத்திப் பேசப் பழகினால் பாதிச் சிக்கல் தீரும்.

உரையாடல் தொடங்கியவுடனே, இணைப்பு அறுந்தால் யார் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாயார் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு மேசைமேல் வைத்திருங்கள். முடிவில் மருத்துவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மென்மையாகச் சொல்கிறேன்: சில நிமிடங்களாவது தாயாரைத் தனியே பேச விடுங்கள். மகளின் முன்னால் சொல்லத் தயங்கும் செய்திகள் தாய்மார்களுக்கும் உண்டு.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மருத்துவரை அழைப்பதா, மருத்துவமனைக்கு ஓடுவதா? – ஓர் இளம் தந்தை

பதில்: பால் குடிக்கவோ தண்ணீர் அருந்தவோ இயலாமை, உண்பதையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் புறப்படுங்கள், வழியில் அழைத்துச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படியே. மற்றபடி அழைக்கலாம், ஆனால் அதற்கு முன் குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையை விலக்கி, மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு; அன்றே ஒரு மருத்துவர் குழந்தையை நேரில் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் என்றால் கணமும் தாமதிக்கக் கூடாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், அவரைக் கடைசியாக நலமாகப் பார்த்த நேரத்தைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நான் கிராமச் செவிலியர். காணொலி வந்த பிறகு கேமராவைப் பிடிக்கும் ஆளாகிவிட்டேன். மருத்துவர் என்னைத் தாண்டி நோயாளியிடமே பேசுகிறார். தவறு நேர்ந்தால் பொறுப்பு மட்டும் என்மேல் விழுமோ என்று அஞ்சுகிறேன். – பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி என்ற வைரஸ் நோய் கண்டவர்கள் கல்லீரல் மருத்துவரைப் பார்க்கப் பல மாதங்கள் காத்திருந்த நிலையில், சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அவர் காணொலியில் நோயாளிகளைப் பார்க்கவில்லை. கிராமப்புற மருத்துவப் பணியாளர்களை வாரந்தோறும் காணொலியில் கூட்டி, அவர்களின் நோயாளிகளைப் பற்றி அவர்களையே பேசவைத்து, சிகிச்சையை அவர்கள் கையாலேயே நடத்தவைத்தார். 2011இல் வெளியான முடிவில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினரும், அந்தக் கிராமப்புற, சிறை மருத்துவ நிலையங்களில் 58.2 விழுக்காட்டினரும் வைரஸிலிருந்து விடுபட்டிருந்தனர். பக்கத்தில் இருப்பவரை நம்பிப் பயிற்றுவித்தால் சிகிச்சையின் தரம் தாழாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை உங்கள் மேலதிகாரியிடம் நீங்கள் காட்ட முடியாது.

நாளை முதல் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். நோயாளி கேமராவின் முன் அமர்வதற்கு முன்பே, அவருடைய வயது, தொல்லை, அளவுகள், உங்கள் ஊகம், உங்கள் கேள்வி என்ற வரிசையில் ஒன்றரை நிமிடம் நீங்கள் பேசுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அதை விரும்பவே செய்வார்கள். ஆலோசனை முடிந்ததும் மருத்துவரின் பெயர், நேரம், அவர் சொன்ன மருந்தும் அளவும் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மூன்றாவது காரியம் உங்கள் நிலையம் செய்ய வேண்டியது: பக்கத்தில் நிற்கும் செவிலியர் "இவரை உடனே அனுப்ப வேண்டும்" என்று கருதினால், திரையிலிருப்பவரின் அனுமதிக்குக் காத்திருக்காமல் வண்டியை அழைக்கலாம் என்று எழுத்தில் ஆணை தர வேண்டும், அதைக் கேட்டு வாங்கி, அறையின் சுவரிலேயே ஒட்டி வையுங்கள்.