அமெரிக்காவில் போருக்கே போகாத பொது சுகாதார அதிகாரிகளுக்கு எதற்குச் சீருடையும் மெடலும்?

டிவியில் சர்ஜன் ஜெனரலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நெஞ்சு நிறைய ரிப்பன், "இவர் எந்தச் சண்டைக்குப் போனார்?" என்று தோன்றத்தான் செய்யும். அவருக்குக் கீழே இயங்கும் பொது சுகாதார அதிகாரிகள் படையில் என் கணவர் மருந்தாளுநர். கல்யாணமான புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

யுஎஸ் பப்ளிக் ஹெல்த் சர்வீஸின் இந்தப் படையில் ஆயிரக்கணக்கான அதிகாரிகள் இருக்கிறார்கள். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், பல் மருத்துவர், பொறியாளர் என்று எல்லாரும் உண்டு. கையில் ஆயுதம் கிடையாது, ஆனால் பதவிப் பெயரெல்லாம் கடற்படைப் பாணி. சின்னத்திலும் நங்கூரம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் என் அம்மா, "மாப்பிள்ளைக்குக் கப்பல்லயா வேலை?" என்று கேட்டார். சிரித்தோம். பார்த்தால் அம்மா சொன்னதில் பாதி சரி. 1798-இல் வணிகக் கப்பல் மாலுமிகளின் சம்பளத்தில் மாதம் 20 சென்ட் பிடித்து அவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்ததுதான் இதன் வேர்.

இந்தப் படையே தருகிற மெடல்களில் உச்சம் டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் மெடல். ஒரே ஒரு பெரிய காரியத்துக்கும் தருவார்கள், ஆயுள் முழுக்கச் செய்த வேலைக்கும் தருவார்கள். சர்ஜன் ஜெனரலாக இருந்த கூப் 1983-இல் வாங்கினார். மேலே இருப்பவர்களுக்குத்தான் அது அதிகம் போகிறது என்பது என் எண்ணம். "வீட்டுக்காரருக்குக் கிடைக்கலன்னு வயித்தெரிச்சல்" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: ஆமாம், கொஞ்சம் உண்டு. அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடாது.

2014 கடைசியில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் எபோலா தொற்று. அங்கே நோயாளிகளைக் கவனித்த நர்ஸுகளும் டாக்டர்களுமே நோயில் விழுந்தார்கள். அவர்களுக்கென்று தலைநகர் மன்ரோவியா பக்கம் 25 படுக்கைகளோடு ஒரு கூடார மருத்துவமனை போட்டு, அதை நடத்த இந்தப் படையிலிருந்து அணி அணியாகப் போனார்கள். முதல் அணியில் என் கணவர். அந்த வெயிலில் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு. கழற்றினால் பூட்ஸுக்குள்ளிருந்து வியர்வையைக் கொட்டலாம் என்பார். அதற்கு மேல் இன்றுவரை எதுவும் சொன்னதில்லை.

டிசம்பரில் திரும்பினார். 21 நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்தோம், ஒன்றுமில்லை. கெடு முடிந்துதான் பொங்கலே வந்தது. அதற்கு முந்தின வாரம் எங்கள் ஊர்த் தமிழர் கூட்டத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதம்மா, குழந்தைங்க நிறைய வர்ற இடம்... இந்த வருஷம் மட்டும்..." பொங்கல் விழாவுக்கு எங்களை முதலில் அழைத்தவர்களில் பாதிப் பேர் மருத்துவத் துறை! நான் ஐம்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேன். வாங்கி வைத்த வெல்லம் மார்ச் வரைக்கும் வீட்டில் கிடந்தது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை. டயர் கடையில் ராணுவத்தினருக்குத் தள்ளுபடி என்று போர்டு. இவர் அடையாள அட்டையை நீட்டினால், "பப்ளிக் ஹெல்த்தா? அதெல்லாம் இதுல வராது சார்" என்று திருப்பிக் கொடுத்தான் அந்தப் பையன். நாலு டயர். இவர் பேசாமல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தார். எனக்குத்தான் ஆறவில்லை.

2015-இல் எபோலா வேலைக்காக இந்தப் படைக்கு ஜனாதிபதியின் பாராட்டு கிடைத்தது. அது மெடல் இல்லை, படைப் பிரிவுக்கே தருவது. ஆளுக்கு ஒரு ரிப்பன். அந்த ஆயுத பூஜைக்கு அம்மா இங்கே இருந்தார். கார், மிக்ஸி, இவருடைய லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், ரிப்பனுக்கும் சேர்த்து வைத்துவிட்டார். குங்குமம் போகவே இல்லை. கறையோடு அணியக் கூடாதாம், இவர் புதிதாக ஒன்று வாங்கிக் குத்திக்கொண்டார். பழையது இன்னமும் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது.